அட்டிக்ல ராத்திரி ஓட்டம், மரத்துல தோலில்லாத எலுமிச்சை: கலிஃபோர்னியா வீட்டெலிக்கு அறிகுறி பாத்து வைத்தியம்

நான் பெஸ்ட் கன்ட்ரோல் ஆள் இல்ல. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் 1960கள்ல கட்டின ஒரு பழைய வீட்டை வாங்கிட்டு, ஒன்றரை வருஷம் எலியோட மல்லுக்கட்டி, காசையும் தூக்கத்தையும் விட்டு கத்துக்கிட்டது இவ்வளவுதான். புதுசா வீடு வாங்கின நண்பர்கள் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் அதே கேள்வியைக் கேக்கறாங்க, அதான் எழுதியே வெச்சுடலாம்னு.

மொதல்ல ஆளு யாருன்னு தெரிஞ்சுக்குங்க. இங்க ரூஃப் ரேட்னு சொல்றது வேற யாரும் இல்ல, நம்ம ஊர்ல ஓட்டு வீட்டு விட்டத்துலயும் தென்னமரக் கொண்டைலயும் ஓடுமே அந்த வீட்டெலிதான். பூர்வீகமே இந்தியா பக்கம். அங்கேருந்து கடல் வாணிபத்தோட மேற்க போயி, ரோமானியர் காலத்துலயே ஐரோப்பாவுக்குள்ள பூந்து, அப்புறம் ஐரோப்பாக்காரன் கப்பல்ல ஏறி அமெரிக்கா வந்து சேந்துடுச்சு. நமக்கு எல்லாம் பல நூறு வருஷம் சீனியர். சாக்கடை எலின்னு சொல்ற பழுப்பு எலி பின்னாடி வந்து குளிர் ஊருங்களை எல்லாம் புடிச்சுக்கிச்சு, வெயிலும் மரமும் இருக்குற கலிஃபோர்னியா மாதிரி இடத்துல நம்மாளு அசையல. இது மரமேறி. தரைல வளை தோண்டுறது சாக்கடை எலியோட வேலை, இவருக்கு எப்பவும் மேல்மாடிதான். இந்த ஒரு விஷயம் மண்டைல ஏறலைன்னா கீழ சொல்ற எதுவும் வேலைக்கு ஆகாது, நானே மொதல் மூணு மாசம் பொறியை எல்லாம் தரைல வெச்சுட்டு உக்காந்திருந்தவன்.

அறிகுறி: தலைக்கு மேல சத்தம்

சத்தம் வர்றது அட்டிக்லருந்து, அதாவது சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவுல இருக்குற இடம். எத்தனை மணிக்குன்னு பாருங்க. பகல்ல, காலைல ஏழு எட்டு மணிக்கு தடதடன்னு ஓடினா அது அணில். (அந்த பெரிய செம்பட்டை அணிலும் இந்த ஊருது இல்ல, 1900கள் ஆரம்பத்துல கிழக்கு மாநிலத்துலருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டு வந்து விட்டது, அது தனிக் கதை, சட்டமும் தனி.) நடுராத்திரில தொம்மு தொம்முன்னு ஒரு ஆள் நடக்குற மாதிரி கேட்டா ரக்கூனோ பாஸமோ (ராத்திரில திரியற பெரிய காட்டுப் பிராணிங்க). லைட்டை அணைச்ச அரை மணி நேரத்துல, லேசா, வேகமா, தினமும் ஒரே கோட்டுல ஓடி, ஒரு மூலைல நின்னு கரகரன்னு கொறிச்சா அது நம்மாளுதான். படுத்தபடியே சத்தம் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு ரெண்டு நாள் கவனிச்சு ஒரு பேப்பர்ல கோடு போட்டு வெச்சுக்குங்க, பொறி வைக்க அதான் மேப்பு. சீலிங்கை தட்டி விரட்டுறது சுத்த வேஸ்ட், நான் தொடப்பக்கட்டையால தட்டுனதுல பெயின்ட் உதிந்ததுதான் மிச்சம்.

நம்ம காதுக்குக் கேக்காத சத்தம் போட்டு எலியை விரட்டும்னு விக்கிற, ப்ளக்ல சொருகி வைக்கிற அல்ட்ராசோனிக் டப்பா வாங்கலாமான்னு கேட்டா, வேணாம். நான் வாங்கின டப்பா பக்கத்துலயே புழுக்கை கிடந்தது.

அறிகுறி: புழுக்கை கிடக்கு, எந்த எலின்னு தெரியல

சமையக்கட்டு அளவு சொல்றேன். சீரகம் சைஸ்ல இருந்தா சுண்டெலி. சோனா மசூரி அரிசியை விட ரெண்டு மடங்கு நீளமா, சுமாரா அரை இன்ச், ரெண்டு முனையும் கூரா இருந்தா வீட்டெலி. அதை விடப் பெருசா முக்கால் இன்ச்சுக்கு முனை மழுங்கி இருந்தா சாக்கடை எலி. செத்த எலி கெடச்சா வாலை உடம்பு மேல மடிச்சுப் பாருங்க, உடம்பைத் தாண்டி நீண்டா வீட்டெலி, பத்தாம போனா சாக்கடை எலி. கையுறை போட்டுக்கிட்டுதான்.

கூட்டாதீங்க. வாக்குவமும் போடாதீங்க. கலிஃபோர்னியால மான் எலின்னு ஒரு நாட்டு சுண்டெலி இருக்கு, அதுகிட்ட ஹன்டா வைரஸ் இருக்கும், காஞ்ச புழுக்கையும் மூத்திரமும் தூசியாப் பறந்து நெஞ்சுக்குள்ள போனா ஆளையே சாய்ச்சிடும். வீட்டெலி அந்த வைரஸைப் பரப்புறதில்ல, ஆனா அட்டிக்ல யாரு புழுக்கைன்னு நீங்க சர்டிஃபிகேட் குடுக்க முடியாதுல்ல. ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒம்பது பங்கு தண்ணி கலந்து நல்லா நனைய அடிச்சு, அஞ்சு நிமிஷம் ஊறவிட்டு, பேப்பர் டவல்ல வழிச்சு எடுத்து கவர்ல கட்டிப் போடுங்க. மாஸ்க் கட்டாயம்.

அறிகுறி: மரத்துல எலுமிச்சை அம்மணமா தொங்குது

இதை மொதல் தடவை பாத்தப்ப எனக்கு ஒண்ணுமே புரியல. காம்புல பழம் அப்படியே தொங்குது, மஞ்சத்தோல் மட்டும் இல்ல, யாரோ பொறுமையா பீலர் வெச்சு சீவின மாதிரி வெள்ளை வெளேர்னு ஒரு உருண்டை, கிட்ட போயிப் பாத்தா அந்த வெள்ளைல சின்னச் சின்னதா ரெண்டு ரெண்டு பல்லு கோடு. அடுத்த மரம் ஆரஞ்சு. அங்க நேர் எதிர்: தோல் முழுசா இருக்கு, பக்கவாட்டுல ஒரு ரூபா காசு சைஸ் ஓட்டை, உள்ள காலி, கையில எடுத்தா காத்து மாதிரி லேசு. எலுமிச்சைல தோலைத் தின்னுட்டு புளிப்பை விட்டுடும், ஆரஞ்சுல இனிப்பைத் தின்னுட்டு தோலை விட்டுடும். ருசி தெரிஞ்ச பிராணிதான். இது வீட்டெலியோட கையெழுத்து மாதிரி, வேற ருஜுவே வேணாம். செடி மூட்டுல காலி நத்தை ஓடு குவியலா கிடந்தாலும் அதே ஆளுதான்.

செய்ய வேண்டியது: பழுத்ததைப் பறிச்சுடுங்க, விழுந்ததை அன்னிக்கே பொறுக்குங்க. மரத்தோட கீழ்க்கிளையை தரைலருந்து ரெண்டடி தெரியுற மாதிரி வெட்டுங்க. கூரைக்குப் பக்கத்துல வர்ற கிளை எல்லாத்தையும் நாலடி தள்ளி வெட்டணும், ரெண்டடி போதும்னு தோட்டக்காரர் சொல்லுவாரு, போதாது, தாவும். சுவத்துல படந்த ஐவி கொடி அழகா இருக்குன்னு விட்டு வெச்சா அது எலிக்கு அப்பார்ட்மென்ட். இந்த ஊர் விசிறிப்பனை மரத்துல காஞ்ச மட்டை பாவாடை மாதிரி தொங்கும் பாருங்க, அதுவும்.

இன்னொண்ணு, வீட்டுல சண்டை வராம சொல்லணும். எங்கம்மா விசிட்டர் விசால வந்த ஆறு மாசமும் பின்பக்க வேலிக்கட்டை மேல காக்காவுக்கு சாதம் வெச்சாங்க. இந்த ஊர் காக்கா வந்து ரெண்டு வாய் கொத்திட்டுப் போயிடும், மிச்சம் சாயங்காலம் வரைக்கும் கிடக்கும், இருட்டுனதும் வேலி மேலயே எலி நடந்து வந்து சாப்பிடும். அந்த வேலிக்கட்டை ஓரத்துல கருப்பா எண்ணெய்ப் பிசுக்கு ஒரு கோடு இருக்கும், தினமும் ஒடம்பு ஒரசிப் போற தடம், அதான் அவங்க ஹைவே. அம்மாகிட்ட பேசி, காக்கா தின்னு முடிச்சதும் மிச்சத்தை எடுத்துடலாம்னு ஒத்துக்க வெச்சேன். பித்ருக்களுக்குக் கோவம் வராதுன்னு நான் கேரன்டி குடுக்க வேண்டியிருந்தது.

அறிகுறி: கொலு பெட்டியைத் திறந்தா குப்பை

இது அட்டிக்ல அட்டைப்பெட்டி வைக்கிற எல்லாருக்கும். செப்டம்பர்ல பொம்மைப் பெட்டியை இறக்கினோம், மேல டேப் எல்லாம் அப்படியே இருக்கு, அடியில ஒரு ஓட்டை. உள்ள பழைய தமிழ் பேப்பர் சுத்தி வெச்சிருந்தது எல்லாம் விரல் அகல நாடா நாடாவாக் கிழிஞ்சு ஒரு கிண்ணம் மாதிரி கூடு, நடுவுல புடவைத் துணி பஞ்சு. மண் பொம்மைங்களுக்கு ஒண்ணும் ஆகல, காகிதக்கூழ் செட்டியாருக்கு ஒரு காதும் அவரு கடைல பாதிச் சரக்கும் போச்சு. கூழ்ல மாவுப் பசை இருக்குல்ல, அதான்.

கூடு இருந்தா குட்டி இருக்கும்னு அர்த்தம், அப்ப தள்ளிப்போடாதீங்க. நாங்க சத்தம் கேட்ட உடனே பொறி வைக்காம, விநாயகர் சதுர்த்தி முடியட்டும், அவரு வாகனத்தை அந்த வாரத்துல அடிக்க வேணாம்னு வீட்டுல சொன்னதைக் கேட்டு தள்ளிப்போட்டு, அப்புறம் ஆபீஸ் வேலைன்னு இன்னும் தள்ளி, மொத்தம் ஒரு மாசம் ஓடிப்போச்சு. இதோட கர்ப்பகாலமே 21லருந்து 23 நாள்தான், ஒரு ஈத்துக்கு 5லருந்து 8 குட்டி, வருஷத்துக்கு மூணு நாலு ஈத்து, குட்டி ரெண்டு மூணு மாசத்துல தாயாகிடும். கணக்கு நீங்களே போட்டுக்குங்க. அட்டிக்ல எது வெச்சாலும் மூடி கிளிப் போடுற கெட்டி பிளாஸ்டிக் டப்பால வைங்க. கராஜ்ல அடுக்கியிருக்குற 20 பவுண்டு அரிசி மூட்டைக்கும் அதேதான்.

அறிகுறி: எப்படி உள்ள வருதுன்னே தெரியல

நல்ல வெயில் நேரத்துல, மத்தியானம் பன்னெண்டு மணிக்கு, அட்டிக்ல ஏறி டார்ச்சை அணைச்சுட்டு பத்து நிமிஷம் சும்மா உக்காருங்க. கண்ணு இருட்டுக்குப் பழகினதும் எங்கெங்க வெளிச்சம் ஊசி ஊசியா வருதோ அதெல்லாம் வாசல். அரை இன்ச் ஓட்டை போதும், உங்க சுண்டுவிரல் தாராளமா போனா அது நுழையலாம்னு வெச்சுக்குங்க. பழைய வீட்டுல நான் பாத்த இடங்கள்: கூரை வென்ட்டோட கிழிஞ்ச வலை, ரெண்டு கூரை சேர்ற மூலை, ஏசி குழாய் சுவத்துக்குள்ள போற இடம், ஓட்டுக் கூரையோட ஓரத்து வளைவு, கராஜ் கதவு ரப்பரோட ரெண்டு மூலை. அந்த கராஜ் மூலையை யாருமே பாக்கறதில்ல.

அடைக்கிறதுக்கு கால் இன்ச் கண்ணு உள்ள இரும்பு வலை, தகரம், சிமென்ட். பெரிய ஓட்டைல செம்பு வலையைத் திணிச்சு மேல சிமென்ட் பூசுங்க, ஸ்டீல் வுல் மழைல துருப்புடிச்சுக் கொட்டிடும். ஸ்ப்ரே ஃபோம் மட்டும் அடிச்சா அது எலிக்கு ரஸ்க் மாதிரி. எங்க வீட்டுக்கு வந்த ஒரு கம்பெனி, பேரு வேணாம், 1400 டாலர் வாங்கிட்டு வீடு பூரா ஃபோம் அடிச்சுட்டுப் போனாங்க, மூணாவது வாரம் அந்த மஞ்சள் ஃபோம் தூள் தூளா வராண்டால கொட்டிக் கிடந்தது, ஃபோன் பண்ணா வாரன்டில அது வராதுங்கறாங்க. அதே வேலையை நானும் பக்கத்து வீட்டு குஜராத்திப் பையனும் ரெண்டு சனிக்கிழமைல செஞ்சோம், சாமான் செலவு 200 டாலர்கூட ஆகல.

எலி உள்ள இருக்கும்போது அடைச்சா செத்து நாறாதான்னு கேப்பீங்க. அடைக்கிற அன்னிக்கே உள்ள பொறி வைக்கணும், ரெண்டையும் சேத்து செய்யணும். பொறி வெச்சுட்டு ஓட்டையை விட்டா புடிக்கப் புடிக்க புதுசு வந்துக்கிட்டே இருக்கும்.

அறிகுறி: பொறில விழவே மாட்டேங்குது

வீட்டெலிக்கு புதுசா எதைப் பாத்தாலும் சந்தேகம். நேத்து இல்லாத சாமான் இன்னிக்கு வழில இருந்தா சுத்திக்கிட்டுப் போகும். அதனால மொதல் நாலஞ்சு நாள் பொறியை விசை ஏத்தாம, தீனி மட்டும் வெச்சு விடுங்க. தின்னுட்டுப் போகட்டும், பழகட்டும். அப்புறம் ஒரே ராத்திரில எல்லாத்தையும் விசை ஏத்துங்க. ரெண்டு பொறி எல்லாம் காமெடி, குறைஞ்சது பத்து பன்னெண்டு வேணும். ஒரே ராத்திரி நாலு விழுந்தா பரவால்ல, தினம் ஒண்ணுன்னு அடிச்சீங்கன்னா மிச்சது கத்துக்கும்.

இடம்: மேல சொன்ன மேப்பு படி, விட்டத்து மேல, குழாய் மேல. தீனி இருக்குற முனை சுவத்தைப் பாத்து இருக்கணும். பொறியை கம்பியால கட்டிடுங்க, இல்லன்னா அரைகுறையா மாட்டின எலி பொறியோட இன்சுலேஷனுக்குள்ள போய் செத்து அதைத் தேடறது பெரும்பாடு.

தீனி: சினிமால காட்டுற சீஸ் எல்லாம் வேணாம். மசால் வடை வெச்சுப் பாத்தேன், சும்மா விளையாட்டுக்கு, மேல இருந்த மொறுமொறுப்பை மட்டும் எடுத்துட்டுப் போச்சு, பொறி அடிக்கவே இல்ல. நம்ம ஊர் பொறில கொக்கி இருக்கும், இழுத்தாத்தான் வடை வரும், இங்கத்து பொறி வேற. வேலை செஞ்சது, சுட்ட தேங்காய்ச் சில்லு இல்லன்னா காஞ்ச அத்திப்பழம், நூலால தகட்டோட இறுக்கிக் கட்டி, மேல கொஞ்சம் வேர்க்கடலை வெண்ணெய். கட்டினா இழுத்துத்தான் ஆகணும். மொதல் வாரம் ஏழு, அடுத்த வாரம் ரெண்டு, அப்புறம் இல்ல.

பசை அட்டை வாங்காதீங்க. ஒரு தடவை வெச்சேன், ராத்திரி பூரா அது கத்துன சத்தத்தைக் கேட்டவன் சொல்றேன்.

எலி செத்த பத்து நாளைக்குள்ள வீட்டுல யாருக்காவது கால்ல பூச்சிக்கடி மாதிரி வந்தா, எலி ஒடம்பை விட்டு இறங்குன தெள்ளுப்பூச்சியா இருக்கலாம். இங்க தெள்ளு மூலமா டைஃபஸ் காய்ச்சல் (டைஃபாய்டு இல்ல, இது வேற) வர்றதுண்டு, ரெண்டு வாரத்துக்குள்ள காய்ச்சல் தலைவலின்னா டாக்டர்கிட்ட எலி விஷயத்தையும் சொல்லிடுங்க.

அறிகுறி: புடிச்சாச்சு, ஆனா கொல்ல மனசு வரல

கூண்டுப் பொறில புடிச்சு ஞாயித்துக்கிழமை கார்ல வெச்சு பார்க்குல விட்டுட்டு வர்ற தமிழ் குடும்பம் எனக்கே மூணு தெரியும். பாவம் பாக்கறது தப்பில்ல. ஆனா கலிஃபோர்னியால புடிச்ச பிராணியை வேற இடத்துல கொண்டு போய் விடறதுக்கு சட்டத்துல இடமில்ல. அதுவும் போக, வெளியூர்லருந்து வந்த எலியை இங்கத்து குருவிக்கூடு இருக்குற காட்டுல விடறது யாருக்குப் பாவம்னு யோசிக்கணும், முட்டையையும் குஞ்சையும் தின்னும். ஸ்நாப் ட்ராப், அதாவது மேல சொன்ன விசைப் பொறி, கழுத்துல பளீர்னு அடிச்சா ஒரு நொடி. என் கணக்குல அதான் பாவம் கம்மி.

அறிகுறி: மருந்து வெச்சேன், இப்ப வீடு நாறுது

இதுக்கு வைத்தியம் சுவத்தை வெட்டி எடுக்கறது, இல்லன்னா ரெண்டு மூணு வாரம் ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு பல்லைக் கடிச்சுக்கறது. ஜன்னல்ல திடீர்னு நீல ஈ மொய்ச்சா எந்த ரூம்ல அதிகமோ அந்தச் சுவர்தான். மருந்து தின்ன எலி தண்ணி தேடி வெளிய போய் செத்துடும்னு கடைல சொல்றது கட்டுக்கதை.

ரத்தம் உறையாம பண்ற மருந்து தின்ன எலி உடனே சாகாது, நாலஞ்சு நாள் மந்தமா நடமாடும், ஆந்தைக்கும் காட்டுப்பூனைக்கும் அதான் சுலபமா கெடைக்கும், அப்ப விஷம் அதுக்குப் போகும். ஹாலிவுட் போர்டு கீழ போட்டோ எடுத்தாங்களே பி-22னு ஒரு மலைச்சிங்கம், 2014ல அது சொறி புடிச்சு எலும்பும் தோலுமா கெடந்தப்ப ரத்தத்துல இந்த எலி மருந்துதான் இருந்தது. அதுக்கப்புறம் இங்க சட்டம் படிப்படியா இறுகிச்சு: 2021 ஜனவரில ரெண்டாம் தலைமுறை மருந்துங்களுக்கு (ஒரு வேளை தின்னாலே போதுங்கற வீரியமான வகை) பெரும்பாலான உபயோகத்துல தடை, அப்புறம் பழைய வகைங்க, 2024ல டைஃபாசினோன், 2025ல வார்ஃபரினும் குளோரோஃபாசினோனும். அதனால கடைல இப்ப கெடைக்கறது அதிகமும் ப்ரோமெத்தலின், நரம்பைத் தாக்கும், நாய் தின்னா முறிமருந்தே கிடையாது. ஊர்லருந்து எலி பேஸ்ட் எடுத்துட்டு வர்ற யோசனை இருந்தா அதை அங்கயே விட்டுடுங்க, மஞ்சள் பாஸ்பரஸ், மனுஷன் ஈரலையே கரைச்சிடும்.

மருந்தாலேயே இந்த எலியை ஒழிச்ச இடம் ஒண்ணு இங்கயே இருக்கு. வென்சுரா கடக்கரைலருந்து பாத்தா தெரியுமே அனகாப்பா தீவு, அங்க கடல்பறவை முட்டையை எல்லாம் வீட்டெலி காலி பண்ணிக்கிட்டு இருந்தது. 2001லயும் 2002லயும் ஹெலிகாப்டர்லருந்து மருந்து தூவினாங்க, அதுக்கு முன்னாடி அந்தத் தீவுக்கே சொந்தமான மான் எலிகளைப் புடிச்சு பத்திரமா கூண்டுல வெச்சிருந்து, எல்லாம் முடிஞ்சப்புறம் திரும்ப விட்டாங்க. எலி சுத்தமா போச்சு, மர்லெட்னு ஒரு சின்ன கடல்பறவை முன்னை விட நிறைய குஞ்சு பொரிக்க ஆரம்பிச்சுது. ஆனா அது சுத்தி கடல் இருக்குற தீவு. நம்ம வீட்டைச் சுத்தி இருக்கறது அடுத்தவங்க எலுமிச்சை மரம். நாம இன்னிக்குக் கொன்ன எலியோட இடத்துக்கு அடுத்த மாசம் அந்த வேலி வழியா இன்னொண்ணு வரும், அதனாலதான் நான் மருந்துல போடற காசை ஓட்டைல போடுங்கறேன்.

அறிகுறி: கார் ஸ்டார்ட் ஆகல

பானெட்டைத் தூக்கி வயரைப் பாருங்க. ராத்திரி சூடா இருக்குற இன்ஜின் மேல உக்காந்து கடிக்கும். கார் உள்ள முறுக்கு பாக்கெட் விடாதீங்க, ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவையாவது வண்டியை எடுங்க, நைட் பானெட்டைத் திறந்து வைக்கிறவங்களும் உண்டு. காரம் தடவின டேப் விக்கிது, வயர்ல சுத்தலாம், எனக்கு ஓரளவுக்குப் பலன் குடுத்தது.

அறிகுறி: ஒரு மாசமா சத்தமில்ல, போயிடுச்சான்னு தெரியல

அட்டிக் விட்டத்துல மூணு நாலு இடத்துல மெல்லிசா பவுடர் தூவிட்டு வாங்க. முகத்துக்குப் போடற பவுடர். கோலமாவு எடுத்துட்டுப் போகாதீங்க, அரிசிமாவுன்னா நக்கிட்டுப் போயிடும், நான் மறுநாள் போயிப் பாத்தப்ப கோலமே இல்ல, நாலு விரல் முன்னங்கால் தடம் மட்டும் ஓரமா இருந்தது. ஒரு வாரம் கழிச்சு பவுடர் கலையாம இருந்தா உள்ள யாரும் இல்ல. தடம் இருந்தா மறுபடி மத்தியானம் பன்னெண்டு மணிக்கு மேல ஏறி டார்ச்சை அணைச்சுட்டு உக்காருங்க. எனக்கு ரெண்டாவது தடவை மாட்டினது ஸோலார்காரங்க போட்டுட்டுப் போன ஒரு கேபிள் ஓட்டை.